சிவப்புத் துணி கட்டிய மூட்டை

1

திங்கட்கிழமை காலை ஏழு நாற்பத்திரண்டு. திரையில் முதலில் தெரிந்தது ஓர் இடுக்கி.

அறுவைச் சிகிச்சையின்போது குடலைப் பிடித்து நிறுத்த வைக்கும் எஃகு இடுக்கி. அதன் மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு படலம் தணல்போலப் படர்ந்திருந்தது. பக்கத்தில் கிடந்த குடலின் மேல் வெறும் நீலம்.

படத்தை அனுப்பியவன் யோனாஸ், எங்கள் குழுவின் பொறியாளன். கணினி ஒரு படத்தைப் பார்த்து முடிவு சொல்லும்போது அந்தப் படத்தின் எந்தப் பகுதியை வைத்துச் சொன்னது என்று காட்டும் சோதனை அது. சிவப்பு இருக்கும் இடத்தைக் கணினி உற்றுப் பார்த்திருக்கிறது. நீலம் இருக்கும் இடத்தை அது பொருட்படுத்தவில்லை. யோனாஸ் கீழே எழுதியிருந்தான்: "வேடிக்கையைப் பாருங்கள். இது குடலைப் பார்க்கவே இல்லை."

நான் "ஆமாம், விசித்திரம்தான்" என்று பதில் போட்டேன். குடலைப் பார்க்காதது யார் என்று எனக்குத் தெரியும்.

2

ஊரில் யாராவது ஜெர்மனியில் என்ன வேலை என்று கேட்டால் "ஆஸ்பத்திரியில்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். டாக்டரா என்று கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த முறை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குடலில் நோயுள்ள பகுதியை வெட்டி எடுத்த பிறகு மீதமுள்ள இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறார்கள். இரண்டு முனைக்கும் ரத்தம் நன்றாக வந்துகொண்டிருக்க வேண்டும். வராத இடத்தில் தைத்தால் சில நாட்களில் தையல் விட்டுப்போகும், வயிற்றுக்குள் கசியும். நோயாளியை மறுபடி மேஜையில் கிடத்த வேண்டிவரும். சிலர் அதிலிருந்து எழுந்திருப்பதில்லை. ரத்தம் எதுவரை வருகிறது என்பதை மருத்துவர் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே முடிவு செய்கிறார்: குடலின் நிறம், அதில் தெரியும் துடிப்பு, வெட்டிய விளிம்பில் ரத்தம் கசிகிற விதம்.

எங்கள் கேமரா மனிதக் கண்ணுக்குத் தெரியும் நிறங்களையும் தெரியாத சிலவற்றையும் தனித்தனியாகப் படமெடுக்கும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் ஒளியை ஒரே மாதிரி விழுங்குவதில்லை. அந்த வித்தியாசத்தை வைத்து, இதுவரை ரத்தம் இருக்கிறது, இதற்கு மேல் இல்லை என்று கணினி ஒரு கோடு போட வேண்டும். அதற்கு முன்னால் மனிதர்கள் கோடு போட்ட படங்களை அதற்கு நூற்றுக்கணக்கில் காட்ட வேண்டும். அதைத்தான் இங்கே கற்பிப்பது என்கிறார்கள்.

கோடு போடும் மூன்று பேரில் ஒருவன் நான். மருத்துவம் படித்தவன் இல்லை. பந்தலூரிலும் பிறகு குன்னூரிலும் ஒரு தமிழ் நாளிதழுக்கு நிருபராக இருந்தவன். என் மனைவி கோமதி செவிலியர். அவளுக்கு வேலை கிடைத்த நாட்டுக்கு அவள் பின்னால் நான் வந்தேன். முதல் நான்கு வருடம் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டினேன். பிறகு இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது, குழுவின் தலைவரான டாக்டர் பிரிட்டா என் பழைய தொழிலைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பத்திரிகையாளரா? அப்படியானால் உங்களுக்குப் பார்க்கத் தெரியும்."

மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். வேலை எனக்குப் பிடித்திருந்தது. முதல் மாதங்களில் ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம்கூட எடுத்துக்கொண்டேன். கேமரா நிறவாரியாகப் பிரித்த பதினாறு அடுக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன், கூடவே வரும் சிறு காணொளியில் துடிப்பு எங்கே நிற்கிறது என்று தேடுவேன், அதற்குப் பிறகுதான் கோடு போடுவேன். படங்கள் கட்டுக் கட்டாக வரும்; பிரிட்டா ஒவ்வொரு கட்டிலும் முதல் சில படங்களைச் சரிபார்ப்பார். என் கோடுகள் அநேகமாகச் சரியாக இருந்தன. ஒரு கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

எப்போது மாறினேன் என்று தேதி சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. இடுக்கி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெரும்பாலும் கோடும் விழுகிறது. மருத்துவர் வெட்டப்போகும் இடத்தில்தானே இடுக்கி வைப்பார்? ரத்தம் நிற்கும் இடத்தை அவர் ஏற்கெனவே பார்த்துத்தானே வைத்திருப்பார்? நான் எதற்குப் பதினாறு அடுக்கையும் திறக்க வேண்டும்? இடுக்கியின் ஓரமாகக் கோடு போட்டேன். ஒரு படத்துக்கு ஆறு நிமிடம் ஆனது. கட்டின் முதல் சில படங்களை மட்டும் முன்போலவே நிதானமாகப் பார்த்தேன்.

தேயிலைப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். மூட்டையின் வாயில் நல்ல கொழுந்து, அடியில் முற்றிய இலை.

ஆனால் இடுக்கி எப்போதும் வெட்டும் இடத்தில் இருப்பதில்லை. சில சமயம் குடல் வழுக்காமல் இருக்கச் சும்மா பிடித்து வைப்பார்கள். பிறகு எடுத்து வேறிடத்தில் வைப்பார்கள். இது எனக்குப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லப்பட்டது. நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது.

3

அந்த வாரத்தின் நிலவரம் இது.

வியாழக்கிழமை காலை ஓர் அறுவைச் சிகிச்சை. அதுவரை எங்கள் கருவியின் திரை அறுவை அறையில் சுவரைப் பார்த்துத்தான் நிற்கும். படம் மட்டும் சேரும், மருத்துவர் எதையும் பார்க்க மாட்டார். வியாழனன்று முதல்முறையாகத் திரையை மருத்துவர் பக்கம் திருப்புவதாக இருந்தது. நோயாளி அறுபத்திரண்டு வயதுப் பெண். பெயர் எங்களுக்குச் சொல்லப்படாது. முடிவு மருத்துவருடையதுதான், திரை சொல்வதை அவர் கேட்க வேண்டியதில்லை என்று அனுமதிப் படிவத்தில் எழுதியிருக்கிறது. பிரிட்டா ஒருமுறை சொன்னார்: "கேட்க வேண்டியதில்லை. ஆனால் கண் அங்கே போகும்."

அதற்கு முந்தைய நாள் புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு வெளிநாட்டினர் அலுவலகத்தில் எனக்கு நேரம் குறித்திருந்தார்கள், நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்காக. அந்தத் தேதிக்கு ஏழு மாதம் காத்திருந்தேன். கொண்டுபோக வேண்டியவற்றில் ஒன்று, நான் இன்ன வேலையைத் திருப்தியாகச் செய்துவருகிறேன் என்று பிரிட்டா கையெழுத்திட்ட கடிதம்.

திங்கள் காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு அந்தப் படத்தைப் பார்த்தேன். பதினொரு மணிக்குப் பிரிட்டாவின் அறைக்குப் போனேன். கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

4

பந்தலூரில் நான் நிருபராகச் சேர்ந்தது தேயிலை விலை சரிந்த காலம். என் அப்பா கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்த அரசு குமாஸ்தா. எங்கள் வீட்டில் யாரும் தேயிலைச் செடியைத் தொட்டதில்லை. நிருபர் வேலையை மட்டும் வைத்து அறை வாடகைகூடத் தர முடியாததால், பச்சைக் கொழுந்து வாங்கும் ஏஜெண்ட் ஒருவரிடமும் சேர்ந்தேன். பெயர் பழனிச்சாமி, காங்கேயத்துக்காரர். ரோட்டோரம் தகரக் கூரை போட்ட கொட்டகை, ஒரு தராசு, ஒரு நோட்டு. மூட்டைகளை நிறுத்து, இலையைப் பார்த்து, நல்லதை லாரிக்கும் முற்றியதை ஓரத்துக்கும் அனுப்புவது என் வேலை. காலையில் கொழுந்து, மாலையில் செய்தி.

விலை இருந்தவரை எந்த இலையையும் ஃபேக்டரிகள் வாங்கின. விலை போனதும் இலையின் தரம் பேச ஆரம்பித்தன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இருந்தால் எடுப்பார்கள், முற்றியிருந்தால் லாரியோடு திருப்பி அனுப்புவார்கள். எங்கள் கொட்டகைக்கு ஐந்து குடியிருப்புகளிலிருந்து கொழுந்து வரும். திரும்பி வரும் மூட்டை யாருடையது என்று தெரிவதற்காக, ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு நிறத்தில் துணி கொடுத்து மூட்டையின் வாயில் கட்டச் சொல்லியிருந்தார் பழனிச்சாமி. பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை, சிவப்பு.

சிவப்பு, சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் குடியிருப்பு. கூலி வேலை போக வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருந்தார்கள். தங்கள் வீட்டு வரிசையை லயம் என்றும் எங்கள் கொட்டகையை மடுவம் என்றும் சொல்வார்கள். நான் சேர்ந்த இரண்டாவது வாரம் சிவப்புத் துணி மூட்டைகள் இரண்டு ஃபேக்டரியிலிருந்து திரும்பி வந்தன. உள்ளே முற்றிய இலை.

பழனிச்சாமி என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா, செகப்பைக் கொஞ்சம் பாத்து வாங்கு. நமக்குக் கெட்ட பேரு வந்துரும்."

பார்த்து வாங்கினேன். ஒரு மாதம் ஒவ்வொரு சிவப்பு மூட்டையையும் அவிழ்த்து உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். சிலவற்றில் முற்றல் இருந்தது, பலவற்றில் இல்லை. மழைக்காலம் வந்தது. வரிசை நீண்டது, மொய்து லாரியின் ஹாரனை அடித்துக்கொண்டே இருப்பான். "சாரே, வேகம் வேகம், கூடலூர் ரோடு பிளாக் ஆகும்." மொய்து அந்த லாரியின் டிரைவர், கூடலூர்க்காரன், அவன் பேச்சில் பாதி மலையாளம். ஒருநாள் நேரமில்லாமல் சிவப்பு மூட்டைகளில் பாதியைத் திறக்காமல் ஓரம் தள்ளினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் அப்படியே செய்தேன். அதே வேகத்தில் மற்ற நிறங்களைத் திறக்காமல் லாரிக்கு அனுப்பினேன்.

தினமும் ஓரத்தில் தள்ளப்பட்ட மூட்டைகளைச் சிவப்புத் துணிக்காரர்கள் தூக்கிக்கொண்டு மேடேறிப் போவார்கள். பறித்த கொழுந்து மறுநாளுக்கு ஆகாது. வாடி, சூடேறிக் கறுத்துவிடும்.

5

திங்கள் மாலை என் மகள் யாழினி சமையலறை மேஜையில் என் விண்ணப்பப் படிவத்தைச் சரிபார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது. என் ஜெர்மனில் எழுவாயும் பயனிலையும் இருக்கும், நடுவில் உள்ளவை இடம் மாறியிருக்கும். அவள் பென்சிலால் வட்டம் போடுவாள். முன்பெல்லாம் வட்டம் போட்டு விளக்குவாள். இப்போது வட்டம் மட்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை என்னை "நீங்க" என்பாள். பிறகு "நீ" வந்துவிட்டது. கோமதி திருத்திப் பார்த்தாள். "இங்கே எல்லாரும் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுறாங்க" என்றாள் யாழினி. அதில் மரியாதைக் குறைவு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் காதில் விழுகிறது.

படிவத்தில் வேலை பற்றிய கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். அங்கே ஆரம்பித்து இடுக்கியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் பென்சிலை வைத்துவிட்டாள்.

"அப்போ நீ பாக்கவே இல்லையா?"

"சிலதைப் பார்த்தேன்."

"அந்த மெஷின் உன்னைப் பாத்துத்தான் கத்துக்கிச்சா?"

"மூணு பேரைப் பார்த்து. அதில் நான் ஒருத்தன்."

"மத்த ரெண்டு பேரும் இப்படிப் பண்ணாங்களா?"

"இல்லேன்னு நினைக்கிறேன்."

"அப்போ உன்னைப் பாத்துத்தான்." அவள் ஜெர்மனுக்கு மாறினாள். வியாழக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடுவாயா என்று கேட்டாள்; அங்கேயும் "நீ"தான். சொல்வேன் என்றேன். ஏன் இன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டாள். மேஜையில் அந்தக் கடிதம் இருந்தது. அவள் அதைப் படித்தாள், மடித்துப் படிவத்துக்குள் வைத்தாள், எழுந்து போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அறைக் கதவைத் தட்டினேன். அவளுக்கு லெட்சுமியின் கதையைச் சொன்னேன். அதுவரை யாருக்கும் சொன்னதில்லை, கோமதிக்கும்கூட.

6

லெட்சுமிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். சிவப்புத் துணிக் குடியிருப்பில் இருந்தார். சிலோனில் பிறந்து கொழுந்து பறித்து, இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவர். மழை விட்டிருந்த ஒரு காலை, தராசில் அவர் மூட்டையை வைத்தார். வாயில் பச்சைத் துணி. எடையை எழுதிக்கொண்டு லாரிப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் நகரவில்லை.

"தம்பி, மூட்டைய அவுத்துப் பாக்கலியா?"

"பச்சைதானுங்களே. போகலாமுங்க."

"நான் எந்த லயம்னு தெரியுதா?"

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன்.

"நேத்து இதே செடி, இதே கை. செகப்பக் கட்டிக் கொண்டாந்தேன், முத்தல்னு தள்ளிப்புட்டீங்க. இன்னிக்கி இந்தா நிக்கிற பச்சத் துணிக்காரி காளியம்மாகிட்ட ஒரு துணி கேட்டு வாங்கிக் கட்டுனேன். ஒரே ராத்திரியில கொழுந்து தளுத்துப்போச்சு."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒரு பெண், "நம்ம கணக்கப்புள்ளைய ஜவுளிக்கடையில வச்சிருக்கணும்டி, தொடாமலே தரம் சொல்லிருவாரு" என்றாள். மொய்துகூடச் சிரித்தான்.

லெட்சுமி சிரிக்கவில்லை. "சிலோன்ல தொரை எங்கள வாய்க்கு வந்தபடி ஏசுவான். ஆனா கூடையக் கொட்டிப் பாத்துட்டுத்தான் ஏசுவான்" என்றார்.

அவர் சத்தம் போடவில்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. தராசிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு மேடேறினார்.

அன்று நான் பழனிச்சாமியிடம் சொன்னது இது: "செகப்புக்காரங்க துணியை மாத்திக் கட்டி ஏமாத்தறாங்கண்ணா."

"அப்பிடியா சங்கதி? எத்தனை நாளா நடக்குது?"

"தெரியலீங்க. இன்னைக்குத்தான் பிடிச்சேன்."

"அந்த லயத்தையே நிறுத்திப்போடு. இந்த சீசனுக்கு ஒரு மூட்டை வரப்படாது."

மாலையில் செய்தி எழுதினேன். பச்சைத் தேயிலை மூட்டைகளின் அடையாளத் துணிகளை மாற்றிக் கட்டி மோசடி நடப்பது பந்தலூர் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது என்பது முதல் வரி. தேயிலை பற்றி எது அனுப்பினாலும் மறுநாளே போடுகிற காலம், போட்டார்கள். நான் அனுப்பியவற்றில் ஒரு சொல்கூட வெட்டாமல் வந்த முதல் செய்தி அதுதான். யார் கண்டுபிடித்தார், எப்படி என்பது அதில் இல்லை. மூட்டைக்குள் என்ன இருந்தது என்பதும் இல்லை.

அதைப் படித்துவிட்டு மற்ற ஏஜெண்டுகளும் அந்தக் குடியிருப்பின் கொழுந்தை நிறுத்தினார்கள். பறிக்காமல் விட்ட செடி உயர்ந்து மரமாகப் போயிற்று. மழை முடிவதற்குள் ஏழெட்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போனார்கள். அவற்றில் லெட்சுமியின் வீடும் ஒன்று. அதையும் செய்தியாக எழுதினேன்: விலைச் சரிவால் குடிபெயரும் தொழிலாளர்கள். அதுவும் அச்சானது.

சொல்லி முடித்ததும் யாழினி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்புறமாவது அந்த மூட்டையைத் திறந்து பாத்தியா?"

"இல்லம்மா. லாரி கிளம்பிடுச்சு" என்றேன்.

7

புதன்கிழமை காலை பத்தேகால். வெளிநாட்டினர் அலுவலகம் நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்காது. சத்தம் இல்லை, தேநீர் இல்லை, கூட ஆள் கூட்டிவர முடியாது. ஆனால் பயம் ஒன்றுதான். நான் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு சிரியாக்காரர் அதேபோல் அணைத்திருந்தார்.

அதிகாரி இளம்பெண். கடிதத்தைப் படித்தார். "மருத்துவமனையில் சரியாக என்ன செய்கிறீர்கள்? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். மொழி தெரிகிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று யாழினி முன்பே சொல்லியிருந்தாள்.

"நான் படங்களைப் பார்க்கிறேன்" என்றேன். வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை.

அவர் முத்திரை குத்தினார்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பிரிட்டாவின் அறைக்கதவைத் தட்டினேன். அவர் மறுநாளைக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வழியிலேயே ஒரு மின்னஞ்சல் எழுதிப் பார்த்திருந்தேன். சில படங்களில் கோடுகள் இடுக்கியை ஒட்டி அமைந்திருப்பது தெரியவருகிறது என்று ஆரம்பித்தது. படித்துப் பார்த்தால் பந்தலூர்ச் செய்தி மாதிரியே இருந்தது. அழித்துவிட்டு நேரில் வந்தேன்.

"யோனாஸ் அனுப்பிய படம். கணினி இடுக்கியைப் பார்ப்பது என்னால். நான் குடலைப் பார்க்காமல் இடுக்கியைப் பார்த்துக் கோடு போட்டேன்."

அவர் தாள்களைக் கீழே வைத்தார். "எத்தனை படங்கள்?"

"தெரியாது."

"எப்படித் தெரியாமல் இருக்கும்?"

"பார்க்காமல் போட்டதில் எது சரி, எது தப்பு என்று மறுபடி பார்த்தால்தான் சொல்ல முடியும்."

"நான் சரிபார்த்தவை?"

"கட்டின் முதல் படங்களை ஒழுங்காகச் செய்தேன்."

அதற்கு அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. எனக்கு அதன் பெயர் தெரியவில்லை. யோனாஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நாளைக்குத் திரை சுவரைப் பார்த்தே நிற்கும் என்றார். அந்தப் பக்கம் அவன் உரக்க ஏதோ சொன்னான். "காரணம் பிறகு சொல்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

பிறகு என்னைக் கேட்டார்: "அந்தக் கடிதம் எதற்கு என்று சொன்னீர்கள்?"

"குடியுரிமை அலுவலகத்துக்கு" என்றேன். தவறான அலுவலகம். "மன்னிக்கவும், வெளிநாட்டினர் அலுவலகம்."

"எப்போது கொடுக்க வேண்டும்?"

"இன்று காலை கொடுத்துவிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். தாள்களைத் திரும்ப எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

8

என்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒப்பந்தம் முடியும்வரை வைத்துக்கொண்டார்கள். நான் போட்ட எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டு மறுபடி பார்ப்பதுதான் வேலை. இந்த முறை பக்கத்தில் பயிற்சி மருத்துவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். யோனாஸ் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறான். படத்தில் இடுக்கி இருக்கும் இடத்தையெல்லாம் அது சாம்பல் நிறத்தில் மறைத்துவிடும். என்னிடம் முன்போலத்தான் பேசுகிறான். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடுவதில்லை.

வியாழக்கிழமைப் பெண்ணுக்கு மருத்துவர் தன் கண்ணால் பார்த்துத் தைத்தார். பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பினார் என்று பட்டியலில் பார்த்தேன்.

மறுபடி பார்த்ததில் பெரும்பாலான படங்களில் புதிய கோடு பழைய கோட்டின் மேலேயே விழுகிறது. பத்தொன்பது படங்களில் விழவில்லை. அவற்றில் ஒன்றில் ரத்தம் என் பழைய கோட்டுக்கு இரண்டு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. பதினாறு அடுக்குகளில் ஐந்தில் அது தெளிவாகத் தெரிகிறது. காணொளியில் துடிப்பும் அங்கேதான் நிற்கிறது. ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். அவை எல்லாம் திரை சுவரைப் பார்த்து நின்ற காலத்துப் படங்கள் என்பதால் அந்தப் பத்தொன்பது பேருக்கு என் கோட்டால் எதுவும் ஆகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மொய்துவைத் தொலைபேசியில் பிடித்தேன். எண்ணை என் பழைய அலுவலக நண்பர் ஒருவர் தேடிக் கொடுத்தார். மொய்து இப்போது லாரி ஓட்டுவதில்லை, முழங்கால் போய்விட்டது. மகனுக்குக் கூடலூரில் மொபைல் கடை.

"எந்தா சாரே! ஜெர்மனியோ? அங்க குளிரோ?" என்றான். நம் ஊர்க் குளிர் மாதிரி இல்லை என்றேன். கொழுந்து விலையைக் கேட்டேன். "அது கேக்கண்டா சாரே. ஏறும், பின்னே விழும். விழுந்தா அங்கதன்னே கிடக்கும்."

லெட்சுமியைப் பற்றிக் கேட்டேன்.

"எந்த லெட்சுமி? அங்க வீட்டுக்கு வீடு லெட்சுமியல்லே சாரே."

"சிவப்புத் துணி லயம். பச்சைத் துணி கட்டி வந்தாங்களே, எல்லாரும் சிரிச்சோமே."

"ஆ, அவங்க. திருப்பூர் போயி. பின்னே யாரும் கண்டதில்லா. அந்த லயத்துல இப்போள் பாதி வீடு பூட்டு." பிறகு, "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு சார் கேக்குறீங்க?" என்றான். மொய்து என்னிடம் முழுத் தமிழில் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

பழைய நாளிதழுக்கு ஒரு திருத்தம் அனுப்பலாமா என்று யோசித்தேன். அந்தப் பதிப்பை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். சிவப்புத் துணிக் குடியிருப்பினர் யாரையும் ஏமாற்றவில்லை. துணியை மாற்றிக் கட்டியது ஒருவர், ஒரே ஒரு நாள், அதையும் அவரே அந்த இடத்தில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். மூட்டைகளைத் திறந்து பார்க்காதவன் இந்தச் செய்தியை எழுதிய நிருபர்.

யாழினியிடம் சொன்னதிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. லாரி அப்போது கிளம்பியிருக்கவில்லை. லெட்சுமியும் மற்றப் பெண்களும் போன பிறகு அந்தப் பச்சைத் துணியை அவிழ்த்து, மூட்டையின் அடிவரை கையை விட்டு எடுத்துப் பார்த்தேன். இரண்டு இலை, ஒரு மொட்டு. நடுவிலும் அதுதான், அடியிலும் அதுதான். துணியைத் திரும்பக் கட்டினேன். மொய்து மூட்டையை லாரியில் ஏற்றினான். பழனிச்சாமியிடம் போனது அதற்குப் பிறகு.